பெல்ட்டில் இடமில்லை

போன ஞாயிற்றுக்கிழமை செஞ்சியில் பெண்கள் மல்யுத்தப் போட்டி நடத்தினோம். 'நடத்தினோம்' என்றதும் என்னைப் பயில்வான் என்று நினைத்துவிடாதீர்கள்... மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். கமிட்டியில் நானும் ஒரு ஆள், அவ்வளவுதான்.

"கப்பு வேணாம் சார், இந்த வாட்டி பெல்ட் குடுப்போம்" என்றார் கோச் தண்டபாணி. டிவியில் ஜெயித்தவன் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவானே, பெரிய தகடு பதித்த இடுப்பு பெல்ட் — அதுவேதான். ஆன்லைனில் விலை பார்த்தோம். கமிட்டியின் மொத்தக் கையிருப்புக்கும் பக்கிள் மட்டும் வரும் போலிருந்தது. வேறு வழி? நன்கொடைதான்!

கோச் பெல்ட்டில் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் கௌசல்யா. சிங்கவரத்துப் பெண். காலேஜ் முதல் வருஷம். தினமும் சைக்கிளில் வந்து பயிற்சி எடுக்கிறாள். வெளியூர் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் கிடைத்திருக்கிறது. அப்பா பழனி கையெழுத்துப் போட்டால் போய்ச் சேரலாம். அவரோ ஃபாரத்தைத் தொடவே மாட்டேன் என்கிறார். வீட்டில் கப்புகள் வரிசையாக இருக்கின்றனவே? இருக்கின்றன. எல்லாவற்றிலும் 'முதல் பரிசு' என்று இருக்கிறது. யாருக்கு என்றுதான் இல்லை.

"இது கடையில விக்கிற கப்பு, இதுல உன் பேரு எங்க இருக்குதுன்னு கேக்குறாரு சார் எங்க நைனா" என்றாள் என்னிடம். "பெல்ட்டுல பேரு போடுவீங்களா சார்?"

"போடாம? ஜெயிச்சு வாம்மா. நட்டநடுவுல போடுறோம்!"

வாக்குக் கொடுப்பதற்குச் செலவா என்ன?

பாத்திரக் கடைக்காரர் பித்தளைத் தாம்பாளம் ஒன்றைக் கொடுத்தார். பாத்திரத்தில் பெயர் வெட்டும் மெஷினை மைதானத்துக்கே கொண்டுவந்து, ஃபைனல் முடிந்ததும் ஜெயித்தவர் பெயரை வெட்டித் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். "ஓரமா நம்ம கடை பேரு, சின்னதா..." என்றார். நியாயம்தானே? பைக் சீட் கவர் தைப்பவர் கறுப்பு ரெக்சின் கொடுத்துத் தைத்தும் கொடுத்தார். அவருக்குக் கடைப் பெயரோடு 'பஸ் ஸ்டாண்ட் எதிரில்' என்பதும் வேண்டும். வெல்டிங் பட்டறைக்காரர் தாம்பாளத்தைத் தட்டையாக்கி ரிவிட் அடித்தார். அவர் பெயர், மகன் பெயர், மகள் பெயர், செல் நம்பர்.

நான் ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். வெறும் பெயர் போதும் என்றுதான் சொன்னேன்... முன்னால் 'எழுத்தாளர்' என்று சேர்த்தால் தப்பா? சேர்த்தார்கள். கொஞ்சம் நீளமாகி, நடுவில் வந்துவிட்டது.

எங்கள் ஊருக்கு இது புதிதில்லை. கோட்டையைக் கட்டியவன் பெயரைப் புத்தகத்தில் தேட வேண்டும். சுற்றிப் பார்க்க வந்தவன் பெயர் சுவர் சுவராக இருக்கிறது.

ஃபைனலில் கௌசல்யா ஜெயித்தாள். இரண்டாவது நிமிஷத்திலேயே தொண்டூர்ப் பெண்ணின் இரண்டு தோளும் மெத்தையில் பதிந்துவிட்டன. கோச் விடாப்பிடியாக அழைத்து வந்திருந்த பழனி, கடைசி வரிசையில் கைகட்டி நின்றிருந்தார். கைதட்டவில்லை.

பாத்திரக் கடைக்காரர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடமே இல்லியே சார்... 'கௌ' வரைக்கும் வேணா வெட்டலாம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. "என் பேரை அழிச்சிடுங்க" என்றேன்.

"பித்தளையில வெட்டுனத இன்னா பண்ணி சார் அழிக்கிறது?"

கௌசல்யா பெல்ட்டை வாங்கி எல்லாப் பெயரையும் நிதானமாகப் படித்தாள். நடுவில் வந்ததும் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் அவள் என்னையும் மெத்தையில் தூக்கிப் போட்டிருக்கலாம்.

பிறகு பெல்ட்டைக் கவிழ்த்து மேஜையில் விரித்தாள். உள்பக்கத்துக் கறுப்பு ரெக்சினில், வெள்ளை மார்க்கரால், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எழுதினாள் — ப. கௌசல்யா, சிங்கவரம். எழுத்து காய்ந்ததும் அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"எம்மா, எங்க பேருல்லாம் உள்ள போயிடுச்சே!" என்று பதறினார் வெல்டிங் பட்டறைக்காரர்.

"எங்கயும் போவாதுண்ணா. வயித்தோட ஒட்டினுதான் இருக்குது."

பழனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். குனிந்து, எழுத்து எழுத்தாகப் படித்தார். முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இந்த 'ப' நான்தானே?"

"ஆமா நைனா."

"ஃபாரம் எங்க இருக்குது... எடு."

அங்கேயே, அவள் முதுகின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க விரும்பவில்லை. ஆக, கௌசல்யா பெயரை எதிலாவது பார்த்துவிட வேண்டும் என்று இருந்த மனுஷனும் எங்கள் ஜாதிதான். முதலில் தேடியது தன் எழுத்தை!

எல்லாம் முடிந்து கிளம்பும்போது கோச்சிடம் கேட்டேன், அந்த வெள்ளை மார்க்கர் யார் உபயம் என்று.

"உபயம்லாம் இல்ல சார்... காத்தாலயே அந்தப் பொண்ணு பையில போட்டு எடுத்தாந்துச்சு."