மூக்குத்திப் பூண்டுக்கு எந்த ஊர்?

மதுரையில் ஒருவரும் முதலில் பெயரைக் கேட்பதில்லை, ஊரைத்தான் கேட்கிறார்கள். சிம்மக்கல்லில் பூ வாங்கப் போனால், முழம் போட்டு முடிப்பதற்குள் பூக்காரம்மா, "எந்த ஊரு தாயி?" என்று கேட்டுவிடுவாள். "ரங்கூன்" என்பேன். "அது சரி, சொந்த ஊரு?" என்பாள். ரங்கூன் ஏதோ போகிற வழியில் இறங்கிக் காபி குடித்த இடம் போல! சலித்துப்போய் "எழுமலை" என்பேன். உடனே அவள் முகம் மலர்ந்து, அங்கே வாக்கப்பட்ட தன் நாத்தனார் சௌக்கியமா என்று விசாரிப்பாள். பன்னிரண்டு வயதுவரை நான் கண்ணால் பார்த்திராத ஊர் அது. ரங்கூனில் இருந்துகொண்டு இந்தப் பத்திரிகையைப் படிக்கும் உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பர்மாக்காரர்கள் எதுவும் கேட்காமலே நம்மைக் 'கலா' என்று, அதாவது அந்நியர் என்று, முடிவு கட்டிவிடுவார்கள். எழுமலைக்குப் போனாலோ என் பெயர் 'ரெங்கூன்காரி'.

ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நாங்கள் கப்பலேறி வந்த கதை உங்களுக்குத் தெரியும். யுத்தம் முடிந்ததும் அப்பாவும் அம்மாவும் கடையைத் திறக்க ரங்கூனுக்கே திரும்பினார்கள். படிக்கட்டும் என்று என்னை மட்டும் எழுமலைப் பெரியப்பாவின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார்கள். பெரியப்பா பருத்திக்காட்டுக்காரர், குரல் அடுத்த காட்டுக்குக் கேட்கும். மதுரையில் பெண்களுக்கான கல்லூரியில் என்னை இன்டர்மீடியட் சேர்த்தபோதே, "ரெண்டே வருஷந்தேன். அப்புறம் வைகாசியில கல்யாணம்" என்று சொல்லித்தான் சேர்த்தார்.

விடுதியில் முதல் நாள் காலையில் நம் வழக்கப்படி கன்னத்தில் தனக்கா பூசிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பக்கத்து இருக்கைக்காரி பதறி, "யா அல்லா! மூஞ்சியில என்னடி வெள்ளையடிச்சிருக்கே?" என்றாள். அது மரப்பட்டையை உரைத்து எடுத்தது, குளிர்ச்சி என்று விளக்கினேன். நம்பாமல் தானும் கொஞ்சம் பூசிப் பார்த்தாள். அன்று சாயங்காலம்வரை அழிக்கவே இல்லை. அவள்தான் நூர்ஜகான், கீழவாசல் ஜவுளிக்கடைக்காரர் மகள். இந்தக் கல்லூரியில் காலையில் சரித்திரம், மத்தியானம் செடி, மாலையில் நாடகம் என்று ஒரே ஆள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம். நான் சரித்திரம் படிக்கத்தான் வந்தேன். ஆனால் செடி வகுப்பில் அமெரிக்க மிஸ் ஒருநாள் ஒரு சின்னப் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அன்றோடு சரித்திரம் போயிற்று.

செடியைப் பாடம் பண்ணுவது இப்படி: வேரோடு பிடுங்கி, பழைய தினசரித்தாளுக்குள் விரித்து, மேலே பாரம் வைக்கவேண்டும், தினமும் தாள் மாற்றவேண்டும். வகுப்பில் நாங்கள் எட்டுப் பேர். அத்தனை பேருக்கும் பாரத்துக்கு எங்கே போவது? எங்கள் டிரங்குப் பெட்டிகளை அடுக்கினோம். போதாதபோது நாங்களே மேலே உட்கார்ந்தோம். மாலையில் தாள் மாற்றும்போதுதான் ஊர்வம்பெல்லாம். அந்த வட்டத்தில் மட்டும் யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்கவில்லை. 'நேற்று உன் தும்பையைத் திருப்பிப் போட்டாயா?' என்றுதான் கேட்டார்கள். இந்த இடத்தை விட்டுப் போக மனமில்லாமல், இன்னும் இரண்டு வருஷம் மேற்படிப்புப் படிக்கிறேன் என்று பெரியப்பாவிடம் கேட்டேன். முடியாது என்றுவிட்டார்.

பெரியப்பாவை மசியவைக்க நான் ஒரு யோசனை செய்தேன். வகுப்பையே அவர் காட்டுக்கு அழைத்துப் போனால் படிப்பின் பெருமை புரிந்துவிடும் அல்லவா? என் புத்தியை என்னவென்று சொல்ல! நாங்கள் பஸ்ஸில் போய் இறங்கிய அன்று காட்டில் களையெடுப்பு. மிஸ் தம் புத்தகத் தமிழில், "ஐயா, தங்கள் களைகளை நாங்கள் எடுத்துக்கொள்ளலாமா?" என்றார்.

"தாராளமா எடுங்க. ஆனா கூலி கேக்கப்புடாது" என்றார் பெரியப்பா.

எட்டுப் பெண்களும் மண்டியிட்டுக் களையை ஆசையாய்ப் பிடுங்கித் தாளில் வைப்பதைப் பார்த்துக் களையெடுக்கும் கருப்பாயிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தாயி, இம்புட்டையும் கொண்டுபோயி என்ன செய்வீக?"

"காகிதத்துல ஒட்டிப் பேரு எழுதி வப்போம்" என்றேன்.

"பேரு எழுதவா இன்னும் ரெண்டு வருஷம் கேக்குறா ரெங்கூன்காரி?" என்று பெரியப்பா என்னைப் பார்த்தார். காடே சிரித்தது. எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. ரோஷத்தில், மூக்குத்தி போலச் சின்னப் பூப் பூக்கும் ஒரு மூக்குத்திப் பூண்டைப் பிடுங்கி, பூதக்கண்ணாடியோடு அவரிடம் நீட்டினேன். "பாருங்க பெரியப்பா. இது ஒரு பூ இல்ல. அம்புட்டும் தனித்தனிப் பூ."

வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினார். ஆனால் கண்ணிலிருந்து கண்ணாடியை எடுக்கவே இல்லை. "அட! ஐம்பது வருஷமா இதைப் புடுங்கிக்கிட்டு இருக்கேன்" என்றார். நான் அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். "இது நம்ம ஊருப் பூண்டே இல்ல, கடல் தாண்டி வந்தது" என்றேன். மிஸ்ஸும் சந்தோஷமாக, "ஆம் ஐயா, இதன் சொந்த ஊர் எங்கள் அமெரிக்காப் பக்கம்" என்றார்.

"அப்படியா? அப்ப ஒண்ணு விடாம நீங்களே புடுங்கிட்டுப் போயிருங்கம்மா!"

மிஸ் அதைப் பெருந்தன்மை என்று எண்ணி நன்றி சொன்னார். பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "எங்கப்பன் காலத்துப் பூண்டு இது. கடல் தாண்டி வந்துச்சுன்னா ரெங்கூன்லயும் இருக்கணும்ல? இருக்குன்னு காட்டு, மேப்படிப்புக்குக் கையெழுத்துப் போடுறேன். இல்லாட்டி வைகாசிதேன்."

அன்றே அப்பாவுக்கு எழுதினேன். கடிதம் கப்பலில் போய்ப் பதில் வரவேண்டும். பங்குனி போயிற்று, சித்திரையும் பாதி போயிற்று. தபால்காரரை வாசலிலேயே மடக்குவது நூர்ஜகானின் வேலையாயிற்று. கடைசியில் ஒருநாள் தடித்த உறை வந்தது. பர்மியத் தினசரிக்குள் தட்டையாய்க் காய்ந்த மூக்குத்திப் பூண்டு, வேரோடு! கடைக்குப் பின்னால் சாக்கடை ஓரம் முளைத்ததாம். அம்மா நாலு நாள் அரிசிமூட்டைக்கு அடியில் வைத்துக் காயவைத்தாளாம். அம்மாவை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெரியப்பா விடுதிக்கு வந்தார். எழுமலையில் எடுத்ததையும் ரங்கூனிலிருந்து வந்ததையும் தாளிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். கண்ணாடியை அவரே கேட்டு வாங்கினார். இதை எடுத்தார், அதை எடுத்தார், புரட்டினார், வெளிச்சத்தில் காட்டினார். பிறகு இரண்டையும் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இதுல எது நம்மூரு?"

நான் குனிந்து பார்த்தேன். அவர் புரட்டியதில் எனக்கும் அடையாளம் தப்பிவிட்டது. இலை, பூ, வேர் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. கதவுக்குப் பின்னால் நூர்ஜகான், ஏதாவது ஒன்றைக் காட்டித் தொலையேன் என்று ஜாடை காட்டினாள்.

"தெரியல பெரியப்பா."

"இன்னும் ரெண்டு வருஷம் படிச்சாத் தெரிஞ்சிருமா?"

வைகாசிக்குப் பத்து நாள்தான் இருந்தது. தெரியும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "அப்பவும் தெரியாது" என்றேன்.

கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். பிறகு விடுதியே அதிரச் சிரித்தார். "ஒங்கப்பனா இருந்தா ஒண்ணக் காட்டிப் புளுகியிருப்பான். கொண்டா பேனாவ."

மேற்படிப்புக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டார். 'சொந்த ஊர்' என்ற கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். அதில் என்னைக் கேட்காமலே, பெரிய பெரிய எழுத்தில் எழுமலை என்று எழுதினார். "வாரேன்த்தா" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

எடுத்த இடம் தெரியாத செடி கல்லூரி அலமாரிக்கு ஆகாது என்று மிஸ் சொல்லிவிட்டார். அதனால் இரண்டும் இப்போது என் டிரங்குப் பெட்டியில், ஒரே உறைக்குள் இருக்கின்றன. 'எழுமலை', 'ரங்கூன்' என்று எழுதிவைத்த சீட்டுகளும் ஒட்டாமல் உள்ளேயே கிடக்கின்றன. திறக்கும்போதெல்லாம் சீட்டுகளை ஒருவிதமாக வைத்துப் பார்ப்பேன். பிறகு மாற்றி வைத்துப் பார்ப்பேன். இரண்டு விதமும் சரியாகத்தான் இருக்கிறது.