துப்பாக்கியில்லாத விமானத்தில் பறந்த துரைராசா அண்ணை

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்குப் பிறகு மருமகளிடம் எழுதப் படித்தவன் நான். ஒவ்வொரு சொல்லையும் எழுதிவிட்டுத் தாளைத் தள்ளிவைத்து ரசிப்பதால் நேரமும் பிடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மெல்பர்னில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. சிட்னியில் துரைராசா அண்ணை காலமாகிவிட்டார் என்று, எடுத்துப் பேசிய என் மகன் சொன்னான். அழுவதற்கு முன் எனக்குத் தோன்றியது இதுதான்: இதிலும் எனக்கு முந்திவிட்டார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது திருகோணமலையிலிருந்து போன வேவு விமானத்தில் படம் எடுத்தவர் அவர். பாரம் குறைந்தால்தான் தூரம் போகலாம் என்று அதில் துப்பாக்கிகூட வைப்பதில்லை. ஜப்பானியர் பிடித்திருந்த அந்தமான் துறைமுகத்துக்கு மேலே போய், கப்பல்களைப் படம் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். கீழிருந்து சுட்டால் ஓடத்தான் முடியும்.

அந்த வேலை கேட்டு நாங்கள் இருவரும் ஒன்றாகவே போய் நின்றோம். அதிகாரி ஒரு தாளை நீட்டி வாசிக்கச் சொன்னார். அண்ணை வாசித்தார். எனக்குத் தெரியாது. அவருக்கு ஆகாயம் கிடைத்தது, எனக்குத் துடைக்கிற துணி. விமானத்தின் வயிற்றில் கமராவுக்கென்று ஒரு கண்ணாடி இருக்கும். ஓடுபாதைக்கு உருண்டு வருவதற்குள் அதில் சேறு அடித்துவிடும். அதனால் கிளம்பும் இடத்தில், இயந்திரம் உறுமிக்கொண்டிருக்க, நான் அடியில் தவழ்ந்து போய்த் துடைப்பேன்.

அவருடைய தோல் சட்டையைப் பார்த்தாலே எனக்கு வயிறெரியும். பறப்பவர்களுக்கு மட்டும் முட்டைப் பொரியல், சொக்லேட்.

“ஒருக்கால் என்னையும் ஏத்துங்கோ அண்ணை” என்று கெஞ்சுவேன்.

“உன்னை ஏத்தினால், நீ வாயைப் பிளந்துகொண்டு கீழை எட்டிப் பார்ப்பாய். படத்திலை உன்ர பல்லுத்தான் விழும்” என்பார்.

ஒருமுறை அந்தமானுக்குப் போன வேறொரு விமானம் திரும்பவில்லை. மறுநாளே அதே இடத்துக்கு அண்ணையை அனுப்பினார்கள். மதியம் வர வேண்டியவர் வரவில்லை. எல்லோரும் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம். அவ்வளவு நேரமும் எனக்குப் பொறாமையே வரவில்லை; அதுவே என் பயத்தைக் கூட்டியது. பொழுது சாயும்போது, இறக்கையில் ஓட்டையோடு விமானம் வந்து இறங்கியது.

“என்னடா, அழுதனியோ?”

“இல்லை அண்ணை, தூசி.”

“ஓம், ஓம். மேலை தூசி இல்லை, தெரியுமோ?” என்றவர், சொக்லேட்டை எடுத்து எனக்குத் தராமலே தின்றார். பொறாமை பொங்கிக்கொண்டு திரும்பி வந்தது. அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

இந்த நாட்டுக்கும் அவரே முந்தி வந்தார். நான் பிறகு கப்பலில் வந்தேன். செத்தவீட்டுக்குப் போக மகன் விமானச் சீட்டு எடுத்துத் தந்தான். அதுதான் என் முதல் பறப்பு. யன்னலோரம் இருந்து மேகத்தைக் குனிந்து பார்த்தேன். இதையெல்லாம் தனியாக அனுபவித்தீர்களே என்று மறுபடியும் அவர்மேல் எரிச்சல் வந்தது.

அதை அவருடைய மனைவியிடம் சொன்னேன்.

“யன்னலோ? அந்த உலகச் சண்டைக்குப் பிறகு அவர் ஒருநாளும் பிளேன் யன்னல் பக்கம் இருக்கேல்லைத் தம்பி. இங்கை வரேக்கையும் என்ர கையைப் பிடிச்சபடி கண்ணை மூடினவர், சிட்னியிலை இறங்கினாப் பிறகுதான் திறந்தவர்.”

என்னிடம் அண்ணை அதைச் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் நான் பொறாமைப்படுவதை நிறுத்தியிருப்பேன். அதை அவர் விரும்பியிருக்க மாட்டார்.

திரும்பி வரும்போது விமானம் சிட்னித் துறைமுகத்துக்கு மேல் சரிந்து திரும்பியது. கீழே கப்பல்களும் வெள்ளைப் படகுகளும் நின்றன. எதிலிருந்தும் யாரும் சுடவில்லை. துரைராசா அண்ணை, நீங்கள் பயந்துகொண்டு பார்த்ததை நான் பயமில்லாமல் ஆசை தீரப் பார்த்துவிட்டேன். இந்த ஒருமுறை நீங்கள் என்மேல் பொறாமைப்படலாம். போய் வாருங்கள்.