சொல்லாத புதர்

முப்பது வயதுவரை டோரிஸுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. சாஆ என்ற ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பாம்பைக் கண்டால் மற்றவர்கள் ஆளைக் கூப்பிடுவார்கள்; அவள் மண்வெட்டியைத் தேடுவாள். லெஸ்லியைக் கட்டிக்கொண்டு கூலாய் நகரில் குடியேறிய பிறகும் கதவைச் சாத்தும் பழக்கம் அவளுக்கு வரவில்லை. "இன்னும் தோட்டத்து லயத்துல இருக்கோம்னு நெனப்பா உனக்கு?" என்று லெஸ்லி கடிந்துகொள்வான்.

பிறகு ஒருநாள், பட்டப்பகலில், லெஸ்லி சிங்கப்பூரில் வேலையாய் இருந்த நேரம், பின்கதவை நெம்பிக்கொண்டு திருடர்கள் உள்ளே வந்தார்கள். மூன்று வயது அமண்டாவை வாரி எடுத்துக்கொண்டு டோரிஸ் துணி அலமாரிக்குள் புகுந்தாள். கதவை முழுசாய் இழுத்துச் சாத்த நேரமில்லை. "கண்ணாமூச்சி விளையாடுறோம் பாப்பா. சத்தம் போட்டா தோத்துருவோம்," என்று பிள்ளையின் காதில் சொல்லிவிட்டு, தலையைக் கவிழ்த்து மாதாவைக் கூப்பிட்டாள்.

சமையலறையில் குளிர்பெட்டியைத் திறந்து எவனோ மடக்மடக்கென்று தண்ணீர் குடித்தான். இன்னொருவன் படுக்கையறைக்குள் வந்து இழுப்பறைகளைக் கிளறினான். கிளறிய சத்தம் சட்டென்று நின்றது. "அங்க என்னாடா இருக்கு?" என்று வெளியிலிருந்து கேட்டார்கள்.

"ஒண்ணுமில்லடா," என்றான் அறையில் இருந்தவன். போய்விட்டார்கள்.

போன நகையை அவள் மறந்துவிட்டாள். அந்த "ஒண்ணுமில்லடா"வை மறக்க முடியவில்லை. தமிழ் பேசும் நம்ம ஆளின் குரல். ஐந்து வருடமாக மீன் சந்தையிலும் கோயில் பூசையிலும் பின்னால் யார் வாய் திறந்தாலும் அவள் காது அந்தக் குரலைத் தேடும். வீட்டில் குழாயை நூலாகத்தான் திறப்பாள். தண்ணீர்ச் சத்தத்தில் வேறு சத்தம் அமுங்கிவிடக் கூடாது. செனாய் ஊரில் அவள் வேலைபார்க்கும் தொழிற்சாலையின் இயந்திர இரைச்சலில்தான் அவளுக்கு நிம்மதி. அங்கே எதற்கும் காது கொடுக்க வேண்டியதில்லை.

ஒரே ஆறுதல், பிள்ளைக்கு எதுவும் தெரியாது. "அவளுக்கு அது வெளாட்டுங்க. அப்படியே இருக்கட்டும். நீங்களும் வாயைத் தொறக்காதீங்க," என்று லெஸ்லியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

எட்டு வயதாகி, பள்ளியில் இரண்டாம் ஆண்டுக்கு வந்த அமண்டா, தமிழ்ப்பள்ளியின் கவிதை ஒப்புவிக்கும் போட்டிக்குத் தயாரானாள். ஒத்திகைக்குப் பெற்றோரும் வந்திருந்தார்கள். மேடையில் ஏறி, காதுகளைப் போல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவள் தொடங்கினாள்.

"சருகு விழுந்தது சரக்கென்று,
சருகுமான் ஒளிந்தது விருட்டென்று!
புலியா, பூனையா, யாரங்கே?
புதரே, சொல்லாதே, நான் இங்கே!"

கடைசி வரியில், அவளுக்கு முன்னால் ஒப்புவித்த மற்றப் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தியிருந்தார்கள். ஒளிந்துகொண்டு 'நான் இங்கே' என்று கத்துவதுதானே சிரிப்பு. அமண்டா கத்தவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விழிகள் மட்டும் ஒருபக்கம் உருண்டன, திரும்பி வந்தன, மறுபடி உருண்டன. பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

டோரிஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"பாத்தீங்களா, இவ புதரா நடிக்கிறா!" என்றார் செல்வராணி டீச்சர். "நான் சருகுமானுக்குத்தான் சொல்லிக் குடுத்தேன். நீங்க பழக்குனீங்களா?"

"இல்ல டீச்சர்."

"அலமாக்! அப்ப பொறவி நடிகைதான்லா!" என்று வியந்தார் டீச்சர்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டு வைத்துவிட்டு டோரிஸ் கேட்டாள். "அந்த மாதிரி வாயைப் பொத்துறதை எங்க பாத்த பாப்பா?"

"அலமாரியில ஒளிஞ்சோமே, அப்ப."

"அது... வெளாட்டு. அம்மா உன் வாயைப் பொத்துனேன், அதானே?"

"நீ எங்கம்மா பொத்துன? நீ கண்ணை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணிக்கிட்டிருந்த. அந்த மீசைக்காரன்தான் பொத்துனான். அவன் வாயை."

டோரிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையின் எதிரே உட்கார்ந்தாள்.

"மண்டி போட்டுத் தேடுறப்ப, இடுக்கு வழியா என்னையப் பாத்துட்டான்மா. பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டான். வாசப்பக்கம் பாத்தான், என்னையப் பாத்தான். அப்புறம் இப்படித் தலையாட்டுனான். சருகுமான் நாமதான். அவன் புதர்."

"உனக்கு... பயமா இல்லியா?"

"அவன்தான்மா பயந்தான். கையெல்லாம் ஆடுச்சு." அமண்டா அப்பளத்தை நொறுக்கினாள். "வெளாட்டு இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். சொன்னா நீ அழுவன்னு சொல்லல. போட்டியிலயும் அதே மாதிரி செய்யட்டா?"

"செய்," என்று சொல்ல நினைத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்கவும் முடியாமல் அறைக்குப் போனாள். துணிகளை ஒதுக்கி அலமாரிக்குள் குந்தி, கதவை அன்று போலவே அரைகுறையாக இழுத்துக்கொண்டாள். அவள் கண்ணுக்குச் சுவர்தான் தெரிந்தது. மூன்று வயதுப் பிள்ளையின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தினாள்.

கட்டிலும் இழுப்பறையும், அவற்றின் முன்னால் ஒரு ஆள் மண்டியிடும் அளவுக்கு வெறும் தரையும் தெரிந்தன.