தண்ணி வரட்டும் என்றவர்

குணசீலன் அண்ணையின் மனைவி மாலினி அக்கா தொலைபேசியில் ஒரே வரிதான் சொன்னார். "தம்பி, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்." வெளியே நல்ல மழை. கோடை முழுக்க ஏங்க வைத்துவிட்டு அன்றைக்குத்தான் லண்டனுக்கு மழையே வந்திருந்தது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். இந்த மழைக்காகத்தான் அந்த மனிதர் காத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

குணசீலன் அண்ணையை உங்களில் பலர் ஹீத்ரோ விமான நிலையத்தில் பார்த்திருப்பீர்கள். பயணப் பெட்டிகள் ஓடும் பெல்ட்டுகளைப் பராமரிக்கும் பிரிவில் இருந்தார். நானும் அங்கேதான். நான் மதுரைக்காரன், அவர் யாழ்ப்பாணம். சேர்ந்து வேலை பார்த்த முதல் ஷிப்ட் முடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்ப நான் போட்டு வாறன்" என்றார். "எதைப் போட்டுட்டு வர்றீங்க அண்ணே?" என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை. குப்பையைப் போடப் போகிறார் போலிருக்கிறது, திரும்பி வருவார் என்று நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போயிட்டு வாறன் எண்டுறதைத்தான் நாங்கள் போட்டு வாறன் எண்டு சொல்லுறது. அதுக்காக நீர் வீட்டை போகாமல் நிண்டனீரோ?" அதற்குப் பிறகு நாங்கள் குடியிருக்கும் ஹவுன்ஸ்லோவில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இந்தக் கதையைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துவார்.

அவருடைய பைத்தியம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். விமானங்கள் தாழ்ந்து இறங்கும் பாதைக்குக் கீழே இருக்கும் அந்த நீர்த்தேக்கம், அதில் தூண்டில் போட்டுப் பிடிக்கும் பைக் என்கிற மீன். பைக் என்றால் நம் ஆட்களுக்கு மோட்டார் சைக்கிள்தான் ஞாபகத்துக்கு வரும் என்று அவர் அதைச் சீலா என்றே சொல்வார். கடலில் இருக்கும் சீலாவைப் போலவே நீண்ட உடம்பு, வாய் நிறையப் பல். ஆனால் இங்கே அதைப் பிடித்தால் தண்ணீரிலேயே திருப்பி விட்டுவிட வேண்டும். இரைக்கு அவர் தமிழ்க் கடையில் கானாங்கெளுத்தி வாங்குவார். "கடையில மீன் வாங்கிக்கொண்டு போய்த் தண்ணியில போட்டிட்டு, வெறுங்கையோட வீட்டை வாற ஆம்பிளையை நீங்கள் எங்கையாவது கண்டிருக்கிறியளோ?" என்று மாலினி அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார். அண்ணை தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருப்பார்.

முதல் முறை கூடப் போனபோது நானும் அக்கா கட்சியில்தான் இருந்தேன். அன்று ஒரு மீன் சிக்கியது. பெரியதில்லை. ஈர விரிப்பில் கிடத்தி, நீண்ட இடுக்கியை வாய்க்குள் விட்டுத் தூண்டில் முள்ளை எடுத்தார். பிறகு முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி, குளிர் பார்க்காமல், அதை வாலோடு சேர்த்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். மீனுக்குத் தெம்பு வந்தது. ஒரு உதறல். "போட்டு வா" என்று அதனிடம் சொல்லிவிட்டுக் கையை எடுத்தார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. அந்த நீர்த்தேக்கத்தில் செவுளில் வெள்ளைத் தழும்போடு ஒரு பெரிய பெண் மீன் உண்டு. ஒரு குளிர்காலம் அதைக் கரை வரை இழுத்து வந்து, வலையை நீட்டும் நேரத்தில் தவறவிட்டார். "அவளை ஒருக்கா கையில ஏந்தோணும், தம்பி. ஏந்திப்போட்டு விட்டிடுவன்." வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் இதையேதான் சொன்னார். அடுத்த குளிர்காலத்தைப் பார்ப்பாரா என்பதற்கு டாக்டர்கள் பிடிகொடுத்துப் பதில் சொல்லவில்லை.

போன கோடையில் மழையே இல்லை. நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போனது. தண்ணீர் வற்றும் காலத்தில் அண்ணை தூண்டில் எடுப்பதில்லை, நடப்பார். வெடித்துக் கிடக்கும் தரையில் இறங்கி, எங்கே அடிமரம் நிற்கிறது, எங்கே தரை சட்டென்று சரிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார். தண்ணீர் ஏறிய பிறகு சீலா பதுங்கும் இடங்கள் அவை. இந்த முறை தடியை ஊன்றி, என் தோளையும் பிடித்துக்கொண்டு நடந்தார். நடுவில் பழைய ஓடையின் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் ஆழமாக இருந்தது. அங்கே அசையாமல் நின்றது அது. தழும்பு தெளிவாகத் தெரிந்தது.

அவருக்குத் தெரியாமல் நான் தூண்டிலைக் காரில் போட்டு வந்திருந்தேன். "அண்ணே, எடுத்துட்டு வர்றேன். இப்பப் போட்டா கண்டிப்பா எடுக்கும்" என்றேன். அவர் வெகுநேரம் அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசை இல்லாத பார்வை இல்லை அது.

"வேண்டாம். தண்ணி சூடாக் கிடக்கு. இந்தத் தண்ணியில இழுத்தால் அவளுக்கு மூச்சுக் காணாது. விட்டாலும் தப்பாது. தண்ணி வரட்டும்."

"தண்ணி வர்ற வரைக்கும் நீங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"நான் இருக்கமாட்டன் எண்டுறீர். சரி. அதுக்கு அவள் என்ன செய்வாள்?"

வீடு வரும் வரை நான் அவரோடு பேசவில்லை. ஒரு மீனுக்காக இவ்வளவு வீம்பா என்று இருந்தது. இப்போது நினைத்தாலும் அந்தக் கோபம் முழுதாகத் தீரவில்லை. ஆனால் அவர் தூண்டிலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கும்போதெல்லாம், "மழை வருதோ?" என்று கேட்பார். நான் போனில் வானிலையைக் காட்டுவேன். வரிசையாகச் சூரியப் படம். உதட்டைப் பிதுக்குவார். கடைசியாகப் போன அன்று அவருக்குப் பேசுவதே பெரும்பாடாக இருந்தது. எழுந்து நின்று, "போட்டு வாறன் அண்ணை" என்றேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிவிட்டிருந்தது. அவர் கண்ணைத் திறந்தார். "எதைப் போட்டிட்டு வாறீர்?" என்று கேட்டார். மாலினி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே ஞாபகமில்லை. அதுதான் அவர் என்னோடு பேசிய கடைசி வார்த்தை.

எரியூட்டலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அன்றும் மழை விடவில்லை. அதன் பிறகும் பெய்தது. மாலினி அக்கா அவருடைய தூண்டிலை என் கையில் கொடுத்து, "நீராவது அவளைப் பிடிச்சுப் பாரும், தம்பி" என்றார்.

போன வாரம் போனேன். நீர்த்தேக்கம் நிறைந்து கிடக்கிறது. குளிர்ந்த தண்ணீர், அண்ணை கேட்ட தண்ணீர். நாங்கள் நடந்த தரை, அடிமரம், ஓடைப் பள்ளம் எதுவும் மேலே தெரியவில்லை. ஆனால் அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் காட்டிய இடம் அது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இடமும் அவருடைய பேச்சும்தான். தூண்டிலை உறையிலிருந்து எடுக்கக் கை வரவில்லை. மதியம் வரை சும்மா நின்றுவிட்டுக் கிளம்பும்போது, தண்ணீரைப் பார்த்து, "போட்டு வாறன்" என்றேன். எதைப் போட்டு என்று கேட்க ஆள் இல்லை.