பேய் வெற்றிலை கேட்ட பக்கம்

எனக்கு அப்போது பத்து வயது. வாசிப்புக்கு வகுப்பில் முதற்பரிசு வாங்கியிருந்தேன். இதை முதலிலேயே குறித்துவிட வேண்டும்.

அந்த ஆண்டு கல்லடியில் எங்கள் வீட்டுக்கு இந்தியாவிலிருந்து தடித்த மர்ம நாவல் ஒன்று வந்தது. பனி கொட்டும் நாட்டில் ஒரு பழைய மாளிகை. அதன் பூட்டிய மாடியறையில் யாரோ அழுகிறார்கள். பின்னேரங்களில் அம்மாவின் தங்கையான சின்னம்மா அதை உரக்க வாசிப்பார். மாமியும் அயல் பெண்களும் சுற்றியிருந்து கச்சான் கடலை உடைப்பார்கள். மாடிச் சன்னலால் ஒரு வெள்ளைக் கை நீண்டு வெற்றிலை கேட்ட இடத்தில் ஒருவர் கையும் அசையவில்லை. கடைசியில் மாமிதான் மெதுவாக, "மறுகா என்ன நடந்திச்சு?" என்றார்.

அழுவது யார் என்று தெரியுமுன்னே, வயலில் வேளாண்மை வெட்டுகிறவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கச் சின்னம்மா வவுணதீவுக்குத் தோணியேறிவிட்டார்.

"புத்தகத்தத் தொட்டிராத புள்ள. வந்து வாசிக்கிறன்."

மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் நடுப்பகலில் புத்தகத்தை எடுத்தேன். இரும்பிருந்தால் பேய் அண்டாது என்பதால் மடியில் பாக்குவெட்டியை வைத்துக்கொண்டு முதற்பக்கத்தில் தொடங்கினேன். பயப்படுவதற்கு முழு ஆயத்தமாக இருந்தேன். மாளிகையை விற்பது பற்றி இரண்டு வக்கீல்கள் பேசினார்கள். பக்கம் பக்கமாகப் பேசினார்கள். வெற்றிலை கேட்ட கையை எங்கும் காணோம். பாதியில் எழுந்துபோய்ப் பாக்குவெட்டியை இருந்த இடத்தில் வைத்தேன். கடைசியில், மாடியில் அழுதது உடைந்த கண்ணாடியால் நுழைந்த காற்று.

பெண்கள் முடிவைக் கேட்டு வந்தார்கள். உள்ளபடி வாசித்தேன்.

"என்னகா இது! இவ்வளவு நாளும் அழுதது காத்தா?" என்றார் மாமி.

"அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு, மாமி."

"உனக்கு வாசிக்கத் தெரியா, புள்ள. அவள் வரட்டும்."

பரிசு வாங்கியவளைப் பார்த்து!

சின்னம்மா வந்தார். அதே புத்தகத்தை விரித்தார். அழுதவள், தோணி கவிழ்ந்து மாண்ட மணப்பெண். தண்ணீரில் போன ஒற்றைக் காப்பைத் தேடி வந்தவள். பனி கொட்டும் நாட்டில் தோணி ஏது என்று எவரும் கேட்கவில்லை. மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். நானும் அழுதேன்.

பிறகு யோசித்தேன். நான் எழுத்துக்கு எழுத்து வாசித்தவள். பிழை என்னிடம் இருக்க முடியாது. ஆகவே வாசிக்கத் தெரியாதவர் சின்னம்மாதான். பாவம், வெட்கத்தில் மறைத்திருக்கிறார். மறுநாள் அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய், ஒருவருக்கும் சொல்லமாட்டேன், நானே படிப்பித்துத் தருகிறேன் என்றேன்.

சின்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஓம் மகள், படிப்பிச்சுத் தா."

மணலில் 'அ' எழுதினேன். பக்கத்தில் அவரும் பணிவாக எழுதினார். ஐந்தாம் நாள் அந்த வக்கீல்கள் பேசும் பக்கத்தை ஒரு தடங்கலுமின்றி வாசித்துக் காட்டினார். "சின்னம்மா ஐந்து நாளில் வாசிக்கப் பழகினார். படிப்பித்தது நான்" என்று கொப்பியில் எழுதிவைத்தேன்.

வாசிக்கத் தெரியாத ஒருவர் அத்தனை நாளும் எதைப் பார்த்து வாசித்தார் என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.