பென்டிரைவில் குடியிருந்தவள்

கீழ்வேளூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாளே இசைவாணி, அவள் எனக்கு மகள் முறை. அவள் அப்பன் ஐயாவு என் சித்தப்பா மகன். அம்மா வேம்பு என் பெண்சாதிக்கு ஒன்றுவிட்ட தங்கை. எந்தப் பக்கம் எண்ணினாலும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

ஐயாவுக்குச் சொந்த மனை கிடையாது. பண்ணையார் களத்து ஓரம், அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டதால் ஒரு குடிசை. கொல்லையில் முருங்கைக் கொம்பு ஊன்றக்கூட, "எதுக்கு, பிடுங்கச் சொல்லுவாங்க" என்று பயப்படுவான். கூலி கூட்டிக் கேட்ட வருஷம், விடிந்ததும் பண்ணை ஆட்கள் வந்து கூரைக் கீற்றைப் பிரித்துப் போட்டார்கள். வாய்க்கால் கரையில் சட்டி பானையோடு உட்கார்ந்திருந்த சின்னப் பெண்தான் இந்த இசைவாணி.

அவள் புருஷன் அண்ணாதுரை கத்தாரில் வேலை பார்க்கிறார். அவருடைய தம்பி நெடுமாறனுக்குக் கொஞ்ச நாளாகவே அந்தக் கடை மேல் கண். செல்போன் கடை வைக்க வேண்டுமாம். போன மாசம் கடைக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. பழுது பார்ப்பவர் வந்து, "புது விண்டோஸ் இதுல ஏறாதும்மா. பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்று போய்விட்டார். நெடுமாறன் உடனே அண்ணனுக்குப் போன் போட்டான்.

அண்ணாதுரை இவளிடம் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள மிஷின் ஓடலைன்னா சாவியத் தம்பிகிட்ட குடுத்துடு."

"ஓடிடுச்சின்னா?"

"ஓடுனா நீயே வச்சுக்க. அது எங்க ஓடப்போவுது?"

இசைவாணிக்கு நாகூரில் ஹாஃபிஸா என்று ஒரு சிநேகிதி, டைப்ரைட்டிங் படித்த நாளிலிருந்து பழக்கம். அவள் வேலை பார்க்கும் ஆபீசில் கம்ப்யூட்டரை ஓட்டுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ்தான். காசு கொடுக்க வேண்டாம், பழைய மிஷினிலும் ஓடும் என்று ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் அதைச் சொருகினாள். செத்துக் கிடந்த பெட்டியில் பச்சை வெளிச்சம் வந்தது. சும்மா போட்டுப் பார்க்கிறாயா, இன்ஸ்டால் செய்கிறாயா என்று கேட்டது. இன்ஸ்டாலைத் தொட்டுப் பார்த்தாள். பெட்டியில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும் என்று வந்தது. சட்டென்று பின்வாங்கி, சும்மா பார்ப்பதையே அழுத்தினாள்.

அதிலேயே எல்லாம் நடந்தது. பழைய படங்களையும் வாடிக்கைக்காரர்களுடைய கோப்புகளையும் வேறொரு பென்டிரைவில் எடுத்து வைத்தாள். ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, எது எங்கே இருக்கிறது என்று தேடினாள். தமிழ் எழுத்தைக் கண்டுபிடித்ததும், "பெரியப்பா, இங்க பாருங்க!" என்று கத்தினாள். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். திரையில் நெல்வயல் படம் போட்டாள். ஒரு காதுகுத்துப் பத்திரிகையை முழுக்க அடித்து முடித்தாள்.

சாயந்திரம் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது பத்திரிகையும் இல்லை, வயலும் இல்லை. முதலில் கேட்ட அதே கேள்வி நின்றது.

ஹாஃபிஸாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

"அடியே, நீ இன்ஸ்டாலே பண்ணலடி! பென்டிரைவ்ல குடியிருந்திருக்க. அணைஞ்சா எல்லாம் போயிடும்."

இசைவாணி சிரிக்கவில்லை. போனை வைத்தாள். "எங்கப்பா மாதிரியே பண்ணியிருக்கேன் பெரியப்பா" என்றாள். "பூந்து உக்காருன்னு சொல்லியும் ஓரமா நின்னிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை கடை திறந்ததும் நெடுமாறன் வந்தான். கூடவே ஆசாரி, கையில் டேப்பு. அலமாரிக்கு அளவு எடுக்கவாம்.

"என்ன அண்ணி, நேத்து அடிச்ச பத்திரிகை காத்துல போயிடுச்சாமே? காதுகுத்து உங்களுக்கா, பாப்பாவுக்கா?"

ஆசாரி சிரித்தார். இசைவாணி பென்டிரைவைச் சொருகினாள். இந்தத் தடவை நேராக இன்ஸ்டாலுக்குப் போனாள். எல்லாம் அழிந்துவிடும் என்று மறுபடி வந்தது.

நெடுமாறன் எட்டிப் பார்த்துப் பதறினான். "அண்ணி, அழிச்சிடும்ங்குது! அண்ணன் கல்யாணப் படமெல்லாம் அதுல இருக்கு!"

"உங்கண்ணன் என் பையில இருக்காரு. தள்ளி நில்லுங்க தம்பி, வெளிச்சம் மறைக்குது."

அழுத்திவிட்டாள். அது ஓட ஆரம்பித்தது. பெயர் கேட்டது, தன் பெயரைக் கொடுத்தாள். கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் கேட்டது. "ஐயாவு" என்று அடித்தாள்.

ஆசாரி அளவு எடுக்கட்டுமா என்று மெல்லக் கேட்டார். நெடுமாறன் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினான்.

முடிந்ததும் பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். பிறகு அவளே எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். மறுபடி போட்டாள். கேள்வி எதுவும் வரவில்லை. நேராக இசைவாணி என்ற பெயர்தான் வந்தது.

"திரை வந்தா ஆச்சா? பேப்பர் வருமா?" என்றான் நெடுமாறன்.

அவள் ஏதோ அடித்தாள். பிரிண்டர் கொஞ்சம் முரண்டு பிடித்தது. வயரைப் பிடுங்கிச் சொருகி, பிரிண்டர் பெயரைத் தேடிப் பிடித்துச் சேர்த்தாள். கடகடவென்று ஒரு தாள் வந்தது. அதை மைதா பசை தடவி ஷட்டர் கதவில் அவளே ஒட்டினாள்.

எனக்குப் படிப்பு மூன்றாவதுதான். ஆனாலும் எழுத்துக்கூட்டிப் படித்தேன்: இந்தக் கடை யாருக்கும் விடப்படாது.

ஆசாரி டேப்பைச் சுருட்டிக்கொண்டார். அவர் படி இறங்குவதற்குள் இசைவாணி கூப்பிட்டாள்.

"அண்ணே, வந்தது வந்துட்டீங்க. இந்த மேசைக்கால் ஆடுது. ஒரு ஆணி அடிச்சுட்டுப் போங்க."