ஷட்டருக்குப் பின்னால்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வெள்ளைக்காரர் வருகிறார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், ஆடிட். இங்கே தைக்கிற ஷூவை வாங்கும் வெளிநாட்டுக் கடைக்காரர்கள் ஆள் அனுப்பி, கக்கூஸ் சுத்தமா, தொழிலாளி மாஸ்க் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பார்கள். முந்தின நாளே தரையைக் கழுவி விடுவார்கள். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த முதலுதவிப் பெட்டிக்குச் சாவி கிடைத்துவிடும். வயது குறைந்த பெண்கள், உடம்பு இளைத்தவர்கள், இருமுகிறவர்கள், இவர்கள் யாரும் அன்றைக்குக் கண்ணில் படக் கூடாது. அதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, மேஸ்திரியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் பழக்கம்.

நான் அப்போது காசநோய்த் திட்டம் ஒன்றில் வேலை பார்த்தேன். பணம் கடல் தாண்டி வந்தது. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒரு பெரிய அமைப்பு, வேலூரில் இருந்த சின்னத் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு எக்ஸ்ரே வண்டி வாங்கிக் கொடுத்திருந்தது. வண்டியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு என்று நினைக்கிறவர்களிடம் அது தானே போய் நின்றது. பேரணாம்பட்டில் அந்த வண்டி கண்டுபிடித்துப் பிழைத்தவர்கள் இன்றைக்கும் பஸ்ஸில் என்னைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுக்கிறார்கள்.

என் தம்பி ஒரு டேனரியில் பஃபிங் பிரிவில் இருந்தான். பதப்படுத்திய தோலை மெஷினில் கொடுத்துத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை. தோல் தூசி மாவாகப் பறக்கும், புருவமெல்லாம் நரைத்த மாதிரி ஆகிவிடும். வேலை முடிந்து வெளியே வரும்போது மேஸ்திரி ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பார், தொண்டையில் இருக்கும் தூசியை அது இறக்கிவிடுமாம். பஃபிங்கில் இருமாத ஆளே கிடையாது. அதனால் அங்கே யார் இருமினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தம்பிக்கு மழைக்காலத்தில் தொடங்கிய இருமல் பொங்கல் கழிந்தும் விடவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டான். சளியைப் பரிசோதிக்கலாம் வாடா என்றால் சிரிப்பான்.

“தூசிதான் அக்கா அது. உனக்கு இன்னா, யார் இருமினாலும் டி.பி.தான்.”

அவன் வருவதாக இல்லை. சரி, வண்டியையே உன் கம்பெனி கேட்டுக்குக் கொண்டுவருகிறேன் பார் என்று நான் வீம்பாக அலைந்தேன். மற்றவர்களுக்கும் நல்லதுதான், ஆனால் நான் அலைந்தது அவன் ஒருவனுக்காக. அவனுக்கு ஒரே பெண், அப்போதுதான் எல்கேஜி போய்க்கொண்டிருந்தாள். அவனுக்கு ஏதாவது ஆனால் அந்தக் குழந்தை என்ன செய்யும் என்ற பயம் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒருவழியாக முதலாளி அனுமதி கொடுத்தார். அந்த நேரம் பார்த்து அமைப்பின் தலைமையிடத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா, தாங்கள் கொடுத்த வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்தார். கம்பெனி ஆபீஸிலிருந்து சூப்பர்வைசருக்கு ஒரே ஒரு வார்த்தை போயிருக்கிறது, நாளைக்கு வெளிநாட்டு ஆளுங்க வர்றாங்க, பாத்துக்கோ. அவரும் பார்த்துக்கொண்டார்.

காலையில் போய் இறங்கினால் வாசலில் கோலம். தரை பளபளக்கிறது. எல்லோர் முகத்திலும் மடிப்புக் கலையாத மாஸ்க். எக்ஸ்ரேவுக்கு வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன், ஒவ்வொருவரும் வாட்டசாட்டமாக, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி தலை சீவி நின்றார்கள். ஒரு இருமல் இல்லை. தம்பி எங்கே என்று சூப்பர்வைசரைக் கேட்டேன்.

“லீவு மேடம்.”

வண்டிக்குப் பின்பக்கம் தோல் கட்டு வைக்கும் கோடவுன் இருந்தது. அதன் ஷட்டர் தரை வரை இறங்கியிருந்தது. உள்ளே யாரோ இருமலை அடக்கி, அடக்க முடியாமல் விட்ட சத்தம் கேட்டது. உடனே இன்னொரு சத்தம், அதுவும் பாதியில் நின்றது. உள்ளே யார் என்று கேட்டேன்.

“லோடு ஆளுங்க மேடம். தோலு அடுக்கறாங்க.”

வேலை நேரத்தில் லோடு ஆட்களை உள்ளே வைத்து எதற்கு ஷட்டரை இறக்க வேண்டும் என்று கேட்டேன். சாவி முதலாளியிடம் என்றார். முதலாளி சென்னையில். வெள்ளைக்கார அம்மா திருப்தியாக எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார், தமிழ் முறைப்படி.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன். நல்ல உற்சாகத்தில் இருந்தான்.

“அக்கா, இன்னிக்கு ஆடிட்டு. இருமுறவங்க எல்லாரையும் கோடவுன்ல போட்டு ஷட்டர இழுத்துட்டாங்க. மத்தியானம் பிரியாணி. ஒரே தாம்பாளத்துல எல்லாரும் அடிச்சோம்.”

“இருமல் வந்தா?”

தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாயில் திணித்து, கண்ணை உருட்டிக் காண்பித்தான். பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவளும் துண்டின் மறு முனையைத் தன் வாயில் திணித்துக்கொண்டு கண்ணை உருட்டினாள்.

“அது ஆடிட் இல்லடா. என் வண்டிடா அது. உனக்காகக் கொண்டுவந்த வண்டி.”

அவன் சிரித்தான், சிரிப்பு இருமலாகி அவனை மடக்கிப் போட்டது. குழந்தை என் கையை இழுத்து, “அத்தைதான் ஆடிட்டா?” என்று கேட்டாள். இருமலுக்கு நடுவில் அவன்தான் சொன்னான்.

“ஆமாடா கண்ணு. அத்தைதான் ஆடிட்டு.”

மறுநாள் ஆபீஸில் கத்தினேன், அங்கே திரும்பப் போக வேண்டும் என்று. கணக்கு மேலே போய்விட்டது, அந்தக் கம்பெனி சுத்தம், இனி முறை வரும்போதுதான் என்றார்கள். சில வாரத்தில் அந்தக் கம்பெனி வாசலில் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சான்றிதழ் தொங்கியது, இங்கே பரிசோதனை நடந்தது, காசநோய் காணப்படவில்லை என்று. கீழே அமைப்பின் முத்திரை. இருமுகிற ஆட்கள் தினமும் அதன் கீழேதான் வெல்லம் வாங்கிக்கொண்டு போனார்கள். தம்பிக்கு அது வசதியாகப் போயிற்று.

“உங்க ஆளுங்களே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அப்புறம் இன்னாக்கா பேஜாரு?”

முறை வரவே இல்லை. ஒரு காலையில் கடல் கடந்து ஒரு மெயில் வந்தது, இன்றிலிருந்து எல்லா வேலையையும் நிறுத்துங்கள் என்று. எங்கோ ஒரு நாட்டில் ஆட்சி மாறியதாம், இனி அவர்கள் பங்கு வராதாம். கொடுக்கிறவர்களுக்கு நிறுத்தவும் உரிமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் நெஞ்சுக்குள் இருப்பதை யார் மெயில் போட்டு நிறுத்துவது? எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வண்டி வேப்ப மரத்தடியில் நின்றது. கொஞ்ச நாளில் அதன் கண்ணாடியில் யாரோ துணி காயப்போட ஆரம்பித்தார்கள்.

தம்பி ஒரு நாள் வாஷ்பேசினில் ரத்தம் துப்பினான். அதன் பிறகுதான் வேலூர் அரசு ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தான். டி.பி.தான். மாத்திரை தொடங்கியது. கட்டிலில் படுத்திருந்தவனிடம், கோடவுனில் உன்னோடு யார் யார் இருந்தது, சொல்லுடா என்று கேட்டேன்.

“சொன்னா அவங்க வேலை போய்டும்கா.” சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பாதிப் பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னான். ராணிப்பேட்டை, வாணியம்பாடி. கம்பெனி பஸ் இருட்டுவதற்குள் அவர்களை ஊர் ஊராக இறக்கிவிடுகிறது. இப்போது ஒரு பஸ் ஜன்னலை மூடிக்கொண்டு போவதைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர். அன்றைக்கே போனேன். தம்பி மனைவி வாசலிலேயே சொன்னாள்.

“அவளுக்கு ஒண்ணுமில்ல அண்ணி. காலைலேர்ந்து ஒரு இருமல் கூட இல்ல.”

“காலைலேர்ந்தா?”

“நீங்க வர்றீங்கன்னு போன் பண்ணீங்களே, அப்பலேர்ந்து.”

உள்ளே போனேன். குழந்தை பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நின்றிருந்தாள். வாயில் அப்பாவின் துண்டு. முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி, தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் துண்டை உள்ளே தள்ளினாள்.

மண்டியிட்டு அதை மெல்ல உருவினேன். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.